எம்.பி.க்கள் கூடினால் தெற்கு தேயுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம், பெங்களூருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மக்களவை இடங்களை எண்ணூறுக்கு மேல் உயர்த்தும் பேச்சு அடிபடுவதால் நண்பர்கள் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் இரண்டே கோரிக்கைகள். உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது; தமிழ்நாட்டின் பங்கைக் குறைக்கக் கூடாது. இருக்கிற 543 பேருக்கே பேச நேரம் கிடைப்பதில்லை, இன்னும் முந்நூறு பேருக்குச் சம்பளம் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. கையெழுத்துப் போடலாமா?

ரா., பெங்களூரு

அன்புள்ள ரா.,

இரண்டாவது கோரிக்கைக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். முதலாவதற்கு மாட்டேன்.

உங்கள் தொகுதியிலிருந்தே தொடங்குகிறேன். ராமமூர்த்தி நகர் பெங்களூரு வடக்கில் வருகிறது. கிழக்கே கே.ஆர்.புரத்திலிருந்து ஹெப்பாள், புலகேசி நகர், மல்லேஸ்வரம் வழியாக மேற்கே யஷ்வந்த்பூர், தாசரஹள்ளி வரைக்கும் ஒரே எம்.பி. 2024 தேர்தலில் இங்கே வாக்காளர்கள் சுமார் 32 லட்சம். இதே கர்நாடகத்தில் உடுப்பி–சிக்கமகளூரில் சுமார் 16 லட்சம். அங்கே இருப்பவரின் ஓட்டுக்கு உள்ள கனத்தில் பாதிதான் உங்கள் ஓட்டுக்கு. இதில் உத்தரப் பிரதேசத்துக்கோ பிகாருக்கோ ஒரு சம்பந்தமும் இல்லை. 2001 கணக்கெடுப்பை வைத்து 2008இல் போட்ட எல்லைக்கோடுகள் அப்படியே நிற்க, ஊர் அதற்குப் பிறகு வீங்கிவிட்டது.

நாடு முழுக்கவும் இதே கதைதான். 1951–52இல் நடந்த முதல் தேர்தலில் வாக்காளர்கள் 17.3 கோடி, இடங்கள் 489. ஒரு உறுப்பினருக்கு மூன்றரை லட்சம் பேர். 2024இல் 96.8 கோடிப் பேருக்கு 543 இடங்கள். கிட்டத்தட்ட 18 லட்சத்துக்கு ஒருவர். சுமார் 7 கோடி மக்கள் உள்ள பிரிட்டனின் கீழவையில் 650 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் பகுதி ரயில்வே சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது என்று மனுவோடு ஒருமுறை எம்.பி. அலுவலகத்துக்குப் போயிருந்தோம். ரயில்வே மத்திய அரசின் கையில் என்பதால் கார்ப்பரேட்டரும் எம்.எல்.ஏ.வும் அங்கேதான் போகச் சொன்னார்கள். கூடத்தில் உட்கார இடமில்லை. பாஸ்போர்ட் இழுத்தடிப்பு என்று ஒருவர், மகளின் ஆபரேஷனுக்குப் பிரதமர் நிவாரண நிதிக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு ஒரு அம்மா, ஊரில் சாவு, இன்று ராத்திரி ரயிலில் எமர்ஜென்சி கோட்டா வேண்டும் என்று ஒரு பையன். உதவியாளர் ஒவ்வொரு மனுவையும் வாங்கிப் படித்து, நகலில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். அந்த எம்.பி.யைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தினம் ஐம்பது பேரைப் பார்த்தாலும் 32 லட்சம் பேரைப் பார்த்து முடிக்க 175 வருஷம் ஆகும். அந்தப் பையனைப் போல அவசரத்தில் வருகிறவர்கள்தான் இந்தக் கணக்கில் அடிபடுகிறார்கள். பணமும் ஆளும் உள்ளவர் எப்படியும் உள்ளே போய்விடுவார்.

சரி, செலவு. எம்.பி.யின் மாதச் சம்பளம் 1.24 லட்ச ரூபாய். இன்னும் முந்நூறு பேர் என்றால் சம்பளம் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 45 கோடி. படிகளும் வீடும் அதற்கு மேல். இந்த நாட்டின் பட்ஜெட்டில் இது தாங்காத சுமை இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதிதான் பெரிது, ஆளுக்கு ஆண்டுக்கு 5 கோடி. சுமார் 58 ஆயிரம் வாக்காளர்கள் உள்ள லட்சத்தீவுக்கும் அதே 5 கோடி, உங்கள் 32 லட்சத்துக்கும் அதே 5 கோடி. மொத்தத் தொகையைக் கூட்டாமல் வாக்காளர் எண்ணிக்கைப்படி பிரித்துக் கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம்.

பேச நேரமில்லை என்பது நியாயமான கவலை. முதல் மக்களவை 677 நாள் கூடியது. 2019–24இல் இருந்த 17ஆவது மக்களவை 274 நாள்தான். நேரம் கிடைக்காததற்கு அவை கூடாததுதான் முதல் காரணம், ஆள் அதிகம் என்பது அப்புறம். கூடும் நாட்களைக் கூட்டாமல் ஆளை மட்டும் கூட்டினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அதோடு 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் கொறடா சொன்னபடிதான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்டிப்போட்டிருக்கிறது. ஆட்சி கவிழாத சாதாரண மசோதாக்களிலாவது அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணூறு பேரும் கட்சிக்குத்தான் பிரதிநிதி, நமக்கில்லை.

இனி உங்கள் உண்மையான பயம். ஓட்டு பெங்களூரில் இருந்தாலும் மனசு தர்மபுரியில் இருக்கிறது, எனக்கும் அப்படித்தான். மக்கள்தொகைக் கணக்குப்படி இடங்களைப் பிரித்ததில், 1962இல் 41ஆக இருந்த தமிழ்நாட்டின் இடங்கள் 1967இல் 39ஆகின. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதற்குத் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்றுதான் 1976இல் 42ஆவது திருத்தம் மாநில வாரியான இடங்களை 1971 கணக்கில் நிறுத்தி வைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அந்த நியாயம் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

ஆனால் அந்தப் பங்கைக் காப்பாற்ற 543ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எல்லா மாநிலத்துக்கும் ஒரே விகிதத்தில் கூட்டலாம். ஒன்றரை மடங்கு என்றால் உத்தரப் பிரதேசத்தின் 80 இடம் 120 ஆகும், கர்நாடகத்தின் 28 இடம் 42, கேரளத்தின் 20 இடம் 30, தமிழ்நாட்டின் 39 இடம் 58 அல்லது 59. பங்கு மாறாது. புதிய நாடாளுமன்றத்தின் மக்களவைக் கூடத்தில் 888 இருக்கைகள் இருக்கின்றன, இடப் பிரச்சினையும் இல்லை. கர்நாடகத்துக்குக் கூடுதலாக வரும் 14இல் பெங்களூருக்குச் சேர வேண்டியது சேரும், கே.ஆர்.புரத்தையும் தாசரஹள்ளியையும் ஒரே தொகுதியில் போட்டுக் கட்ட வேண்டியிருக்காது.

இதற்கு ஒரு விலை உண்டு. 2024 கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 16 லட்சம் வாக்காளருக்கு ஒரு எம்.பி., உத்தரப் பிரதேசத்தில் சுமார் 19 லட்சத்துக்கு ஒருவர். பங்கை மாற்றாவிட்டால் இந்த வித்தியாசம் நீடிக்கும், கூடவும் செய்யும். கோரக்பூரில் இருப்பவர் இது அநியாயம் என்றால் அவர் சொல்வதில் பொய் இல்லை. மாநிலங்கள் சேர்ந்து வாழும் ஒரு நாட்டில் அந்த அளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் நிலைப்பாடு. ஒரே மாநிலத்துக்குள் 16க்கு 32 என்பதைப் பொறுத்துக்கொள்ள எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நண்பர்களிடம் முதல் கோரிக்கையை மாற்றி எழுதச் சொல்லுங்கள்: மாநிலங்களின் இப்போதைய பங்கை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதி உறுதி செய்த பிறகு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். வரிசை முக்கியம். முதலில் கூட்டிவிட்டுப் பங்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாற்றி எழுதினால் தாளை எனக்கும் அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.