புதிய கிட்டார் பாப் இசையைத் தேடிக் கேட்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, பல ஆண்டுகளாக கிட்டார் பாப் இசையை விரும்பிக் கேட்டு வருகிறேன். ஆனால் இசைச் செயலிகள் எனக்குப் பரிந்துரைப்பவை எல்லாம் ஏற்கெனவே கேட்ட சில குழுக்களையே சுற்றிச் சுற்றி வருகின்றன. உலகெங்கும் சுயாதீனமாக வெளியாகும் புதிய பாடல்களைக் கண்டறிய வழி உண்டா?

பதில்: ஒரு பாடலைக் கேட்டவர்கள் வேறு எவற்றையெல்லாம் கேட்டார்கள் என்ற கணக்கிலிருந்தே செயலிகளின் பரிந்துரைகள் பெரும்பாலும் பிறக்கின்றன. சென்ற வாரம் தன் முதல் சிங்கிளை (தனிப் பாடல் வெளியீட்டை) வெளியிட்ட, இன்னும் இருநூறு பேர்கூடக் கேட்டிராத ஒரு குழுவைப் பற்றி அந்தக் கணக்குக்குச் சொல்ல எதுவும் இருக்காது. நீங்கள் தேடுவதோ அத்தகைய குழுவைத்தான்.

ஆகவே பாடலைத் தேடாமல், அதை வெளியிடுபவரைத் தேடுங்கள். இந்த இசையின் வரலாறே சிறு லேபிள்களின், அதாவது இசை வெளியீட்டு நிறுவனங்களின், வரலாறு. ஒருவரோ இருவரோ தம் ரசனையை மட்டும் நம்பி நடத்தியவை அவை. கிளேர் வாட், மேட் ஹேன்ஸ் என்ற இருவர் 1987இல் பிரிஸ்டலில் தொடங்கிய சாரா ரெக்கார்ட்ஸ், 1995இல் தன் நூறாவது வெளியீட்டோடு கடையை மூடிக்கொண்டது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அது இட்ட வரிசை எண்களில் ஒன்று ஒரு பலகை விளையாட்டுக்குக்கூடப் போயிற்று! நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த ரோஜர் ஷெப்பர்ட் 1981இல் ஃப்ளையிங் நன் லேபிளைத் தொடங்கினார். டனீடின் நகரத்துக் குழுக்கள் நான்கு தட டேப் கருவியில் பதிவு செய்த பாடல்கள் அதன் வழியாகவே உலகைச் சுற்றின. அத்தகைய ஒருவருடைய காது உங்கள் காதோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிட்டால், அவர் அடுத்து வெளியிடும் குழுவின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டே இராவிட்டாலும் நம்பிக் கேட்கலாம்.

செய்முறை எளிது. உங்களுக்கு மிகவும் பிடித்த ஆல்பத்தை எடுத்து, அதை வெளியிட்ட லேபிள் எது என்று பாருங்கள். குழுக்களும் லேபிள்களும் தம் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அந்த லேபிளைப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு புதிய வெளியீடும் மின்னஞ்சலில் வந்து சேரும். ஒரே ஆல்பத்தை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு லேபிள்கள் வெளியிடுவதுண்டு. இது தேடுபவருக்குப் பெரிய உதவி. நியூயார்க்கின் தி பெயின்ஸ் ஆஃப் பீயிங் ப்யூர் அட் ஹார்ட் குழுவின் 2009ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தை அமெரிக்காவில் ஸ்லம்பர்லேண்டும் பிரிட்டனில் ஃபார்ச்சூனா பாப்பும் வெளியிட்டன. அந்த ஒரு குழுவை விரும்பியவருக்கு இரண்டு லேபிள்களின் முழுப் பட்டியலும் திறந்துகொண்டது. 1989இல் தொடங்கிய ஸ்லம்பர்லேண்ட் இன்றும் புதுக் குழுக்களை வெளியிட்டு வருகிறது; சான் பிரான்சிஸ்கோவின் தி அம்ப்ரெல்லாஸ் குழுவை நான் அறிந்துகொண்டது அதன் பட்டியலைப் பார்த்துத்தான்.

பேண்ட்கேம்பில் இன்னொரு வசதியும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆல்பத்தின் பக்கத்தில், அதை விலை கொடுத்து வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஒரு படத்தைத் தொட்டால் அந்த ரசிகர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் எல்லாம் விரியும். அதிகம் பேர் அறியாத ஓர் ஆல்பத்தை நீங்களும் அவரும் விரும்பியிருந்தால், அவருடைய சேகரிப்பில் உங்களுக்குப் பிடித்தவை இன்னும் பல இருக்கும். இசைக்குக் காசு கொடுத்தவரின் பட்டியல், மனநிலைக்கு ஏற்பத் தொகுத்துத் தரப்படும் எந்தப் பட்டியலையும் விட நம்பத்தக்கது என்பது என் கருத்து.

கேள்வி: இவ்வகைப் பாடல்களில் மணியோசை போலக் கலகலக்கும் கிட்டார் ஒலியே என்னை ஈர்க்கிறது. அது எங்கிருந்து வந்தது? அதை வைத்தே பாடல்களைத் தேட முடியுமா?

பதில்: 1964இல் ரிக்கன்பேக்கர் நிறுவனம் தி பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்குத் தந்த பன்னிரண்டு தந்தி மின்கிட்டாரிலிருந்து அந்தக் கதையைத் தொடங்கலாம். அதன் தந்திகள் இரண்டிரண்டாக ஆறு இணைகள். கீழ்ச்சுருதி இணைகள் நான்கிலும் ஒரு தந்தி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். இரு தந்திகளும் இம்மி பிசகாமல் சுருதி சேர்வதில்லை. அந்தச் சிறு வேறுபாடுதான் ஒலியை மினுங்கச் செய்கிறது. அடுத்த ஆண்டே தி பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்கின் அதைத் தம் குழுவின் அடையாளமாக்கினார். எண்பதுகளில் ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக், தி ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார் ஆகியோர், கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) முழுதாக மீட்டாமல் தந்தி தந்தியாகப் பிரித்து வாசித்து அந்த ஒலியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றார்கள்.

தேடலுக்கு அது நிச்சயம் உதவும். இந்த ஒலிக்கு ஜாங்கிள் பாப் என்று பெயர். பேண்ட்கேம்பில் அந்தக் குறிச்சொல்லைத் தேர்ந்து, புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்திப் பாருங்கள். குறிச்சொற்களை இடுவது பெரும்பாலும் குழுவினரோ லேபிளோதான் என்பதால் தவறான பொருத்தங்களும் வரும். அவற்றைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். பவர் பாப், ட்ரீம் பாப் என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னது இன்னும் உரத்தது, பின்னது எதிரொலியில் தோய்ந்தது.

கேள்வி: ஆங்கிலம் அல்லாத மொழிகளிலும் இந்த இசை உண்டா? மொழி புரியாமல் ரசிக்க முடியுமா?

பதில்: தாராளமாக உண்டு. ஸ்பெயினின் எலெஃபன்ட் லேபிள் 1989இலிருந்து இயங்கிவருகிறது. சான் செபாஸ்டியன் நகரத்தைச் சேர்ந்த ஃபேமிலி, லெ மான் ஆகிய குழுக்கள் மெல்லிய குரலில் ஸ்பானிய மொழியில் பாடிய பாடல்களை வெளியிட்ட அதே லேபிள், கிளாஸ்கோவின் கேமரா ஆப்ஸ்குரா குழுவையும் வெளியிட்டது. ஜப்பானின் ஃப்ளிப்பர்ஸ் கிட்டார் குழு 1989இல் தன் முதல் ஆல்பத்தை ஆங்கிலத்தில் பாடிவிட்டு, அடுத்த ஆண்டே ஜப்பானிய மொழிக்குத் திரும்பியது. தென்கொரியாவின் பூசான் நகரத்துக் குழுவான சே சூ மீ, லண்டனின் டேம்னப்லி லேபிள் வழியாக மேலைநாடுகளை எட்டியது. அவர்கள் இரு மொழிகளிலும் பாடுகிறார்கள். அதே லேபிள் கியோட்டோவின் ஒட்டோபோகே பீவர் குழுவையும் வெளியிடுகிறது. ஆனால் அதுவும் இதே போன்ற இசை என்று நம்பிப் போய்விடாதீர்கள். அது சுவரையே இடிக்கும் பங்க் இசை!

மெட்டு மொழிக்குக் காத்திருப்பதில்லை. முதலில் கேட்டுவிட்டு, பிடித்தால் பிறகு வரிகளின் பொருளைத் தேடிக்கொள்ளலாம்.

கேள்வி: செயலிகளில் மாதச் சந்தா கட்டிக் கேட்கிறோம். சிறு குழுக்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேருகிறதா?

பதில்: மிகச் சிறிய குழுக்களுக்குப் பெரும்பாலும் இல்லை. 2024முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு உரிமைத் தொகை கிடையாது. நாம் பேசிக்கொண்டிருக்கும் குழுக்களின் பல பாடல்கள் அந்த எல்லைக்குக் கீழேதான் நிற்கும். பேண்ட்கேம்பில் டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது பொதுவாக 15 விழுக்காடு. பணம் செலுத்தும் சேவைக் கட்டணம் போக மீதி குழுவுக்கோ லேபிளுக்கோ செல்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 20 அன்று, தன் பங்கை விட்டுக்கொடுத்து அத்தளம் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி, அதன் பிறகும் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தொடர்ந்து நடந்துவந்தது. செயலியில் கேட்டுப் பார்த்துவிட்டு, மனத்தில் நிற்பவற்றை மட்டும் அத்தகைய நாளில் வாங்குவது நல்ல வழக்கம். தளத்தின் உரிமை 2022இல் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்திடமும் 2023இல் சாங்ட்ரேடர் என்ற இசை உரிம நிறுவனத்திடமும் கைமாறியது. ஆகவே எந்தத் தளத்தையும் நிரந்தரம் என்று எண்ணாமல், வாங்கிய கோப்புகளை உடனே தரவிறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை தோறும் புதிய இசை வந்து குவிகிறது. எதைக் கேட்பது, எதை விடுவது என்றே தெரியவில்லையே!

பதில்: 2015 ஜூலை 10முதல் உலகெங்கும் புதிய ஆல்பங்கள் வெளியாகும் நாளாக வெள்ளிக்கிழமை ஆனது, அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று சிதறியிருந்தது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே நாளில் இறக்குவதால்தான் இந்தத் திணறல். சிறு லேபிள்கள் அந்த நாளைக் கறாராகப் பின்பற்றுவதில்லை; நீங்களும் அவசரப்பட வேண்டாம். சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிடப்படும் இசைத்தட்டு தீர்ந்துபோகலாம், பாடல் எங்கும் போய்விடாது.

மூன்று நான்கு லேபிள்களுக்கு மேல் பின்தொடராதீர்கள். அவை வெளியிடுவதை முழுதாகக் கேளுங்கள். கூடவே ஒரு வானொலி நிகழ்ச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிபிசியில் 1967முதல் 2004இல் மறையும்வரை வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் செய்த, புதிய குழுக்களை அறிமுகப்படுத்தும் வேலையை இன்று சியாட்டிலின் கேஈஎக்ஸ்பி, மெல்போர்னின் ட்ரிபிள் ஆர், நியூ ஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ போன்ற நேயர் ஆதரவு நிலையங்கள் செய்கின்றன. மூன்றையும் இணையத்தில் கேட்கலாம். டபிள்யூஎஃப்எம்யூ நிலையத்தின் நிகழ்ச்சிப் பட்டியல்களில் பாடலின் பெயரோடு லேபிளின் பெயரும் பல நேரங்களில் இடம்பெற்றிருக்கும். ஒரே லேபிள் இரண்டு மூன்று வாரங்களாகத் திரும்பத் திரும்ப உங்கள் கண்ணில் பட்டால், அடுத்துப் பின்தொடர வேண்டியது அதைத்தான்.