பழைய ஸ்பீக்கரை ஒதுக்கும் முன்

எழுபதுகளின் பெரிய ஸ்பீக்கரில் பாஸ் (தாழ்ந்த ஒலி) நிறைவாக இருக்கிறது, ஆனால் குரல் மங்குகிறது. புதிய சின்ன ஸ்பீக்கரில் குரல் தெளிவு, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மங்கல் அதன் இயல்பான ஒலியாக இல்லாமலும் இருக்கலாம். ஒலியைப் பிரித்து அனுப்பும் உள் சர்க்யூட்டான கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் (உள்ளே திரவம் உள்ள மின்தேக்கிகள்) வருஷக்கணக்கில் காய்ந்துபோனால், உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்குப் போகும் சிக்னல் குறையும். அதே மதிப்பில் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். பாஸ் தரும் ஊஃபரின் கூம்பைச் சுற்றி ஃபோம் வளையம் இருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ அதையும் மாற்ற வேண்டும்.

அப்புறம் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே சத்த அளவில் கேளுங்கள். ஆம்ப்ளிஃபயர் குமிழை நம்பாதீர்கள், போனில் டெசிபல் மீட்டர் போதும். 2, 3 டெசிபல் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும்.