ஒயின் கிட்: பெட்டிக்குள் இருப்பதும் இல்லாததும்

கேள்வி: வீட்டிலேயே ஒயின் தயாரித்துப் பார்க்க எனக்கு நெடுநாளாக ஆசை. கடையில் ‘ஒயின் கிட்’ என்று பல பெட்டிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் 23 லிட்டர், 30 பாட்டில் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. முதன்முறை செய்பவர் எதை வாங்கலாம்? ஒரு பெட்டி வாங்கினாலே போதுமா?

பதில்: போதாது என்பதால் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ‘ஒயின் கிட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று மூலப்பொருள் கிட்: சாறு, ஈஸ்ட், சில பொடிகள், தெளிய வைக்கும் கரைசல். மற்றொன்று கருவிகளின் கிட். கடையில் அடுக்கியிருப்பவற்றில் பெரும்பாலானவை முதல் வகையே. அதை மட்டும் வாங்கி வந்தால், வீட்டில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். 23 லிட்டர் ஒயினுக்கு ஏறத்தாழ 30 லிட்டர் கொள்ளும் மூடியுள்ள வாளி வேண்டும். முதல் சில நாட்களில் நுரை பொங்கும் என்பதால் சரியளவு வாளி உதவாது. பிறகு மாற்றி வைக்க 23 லிட்டர் குறுகிய கழுத்து ஜாடி, வாயு வெளியேறவும் காற்று உள்ளே வராமலிருக்கவும் ஏர்லாக், வண்டலைக் கலக்காமல் இறக்க நீண்ட குழாய், வெப்பமானி, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், கடைசியில் பாட்டில்களும் கார்க்குகளும் கார்க் அடிக்கும் கருவியும் தேவை. வாங்குமுன் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பட்டியலை முழுவதும் படியுங்கள். ‘உங்களிடம் இருக்க வேண்டியவை’ என்ற பகுதி பெரும்பாலும் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

விலை வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் சாற்றின் அளவு. மலிவான பெட்டியில் ஐந்து முதல் ஏழு லிட்டர் அடர்சாறு இருக்கும்; மீதி உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். விலை கூடியவற்றில் பத்து லிட்டருக்கும் மேல் சாறு இருக்கும், சிலவற்றில் திராட்சைத் தோலும் சேர்ந்திருக்கும். எல்லாமே 23 லிட்டராகத்தான் முடிகின்றன என்பதால், ‘30 பாட்டில்’ என்ற எண்ணை வைத்துப் பெட்டிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. சாறு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். முதன்முறை செய்பவர் விலையுயர்ந்ததை எடுக்க வேண்டாம் என்பேன். 4.5 லிட்டர், அதாவது ஆறு பாட்டில் தரும் சிறிய கிட் கிடைத்தால் அதுவே நல்லது. உழைப்பு ஏறக்குறைய அதேதான், ஆனால் கெட்டுப்போனால் இழப்பு சிறிது.

தேதியையும் பாருங்கள். பழைய சாறு பழுப்பேறும், ஈஸ்டும் வீரியம் இழக்கும். தள்ளுபடியில் கிடைக்கும் பெட்டியில் தள்ளுபடிக்கான காரணம் பெரும்பாலும் அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

கேள்வி: பெட்டியில் 28 நாள் என்று போட்டிருந்தது. அத்தனை நாளும் கடந்துவிட்டன. ஒயின் இன்னும் சுர்ரென்று குமிழியிடுகிறது, சுவையும் கரடுமுரடாக இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த நாள் கணக்கு பாட்டிலில் அடைக்கும் நிலை வரைக்கும்தான். குடிக்க உகந்த நிலைக்கு அன்று. வெள்ளை ஒயினுக்குச் சில மாதங்களும், சிவப்புக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ பாட்டிலில் காத்திருப்பு தேவைப்படும். இதை விளம்பரத்தில் சொன்னால் விற்பனை குறையும் போலும்.

குமிழிகளுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: நொதித்தல் முடியவில்லை, அல்லது முடிந்தும் கரியமில வாயு கரைந்தே நிற்கிறது. ஹைட்ரோமீட்டரால்தான் இதைப் பிரித்தறிய முடியும். தொடக்கத்தில் 1.085 காட்டியது 0.995-க்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது. (இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் தோராயமாகக் கிடைக்கும், இங்கே 11.8.) அப்படியானால் நன்கு கலக்கி வாயுவை வெளியேற்றினால் போதும். எண் உயரத்திலேயே நின்றிருந்தால் அறையின் வெப்பத்தைப் பாருங்கள். 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல ஈஸ்ட்கள் சோம்பிவிடும். முடியுமுன் பாட்டிலில் அடைப்பது ஆபத்து, அழுத்தத்தில் கார்க் தெறிக்கும், கண்ணாடியும் உடையலாம். கிட்டில் வரும் பொட்டாசியம் சார்பேட் ஓடிக்கொண்டிருக்கும் நொதித்தலை நிறுத்தாது; ஈஸ்ட் மேலும் பெருகாமல் தடுக்க மட்டுமே உதவும்.

இத்தனைக்குப் பின்னும் நொதிக்கவே இல்லையென்றால் புகார் செய்யலாம். அப்போது கடைக்காரர் கேட்பது பெட்டியில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண், தொடங்கிய தேதி, ஹைட்ரோமீட்டர் அளவுகள், அறை வெப்பம் ஆகியவற்றையாகவே இருக்கும். ஆகவே கடைசிப் பாட்டில் நிரம்பும் வரை பெட்டியையும் ரசீதையும் எறியாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம், வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமாவும் உண்டு. வாங்கலாமா?

பதில்: தெளிய வைக்கும் பொருளைப் பாருங்கள். ஐசிங்கிளாஸ் என்பது மீனின் காற்றுப்பையிலிருந்தும், கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்தும் எடுக்கப்படுவது. பென்டோனைட் வெறும் களிமண், அதில் தடையில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்ஃபைட் மூச்சிரைப்பைத் தூண்டும். கிட்டில் அந்த வகையைச் சேர்ந்த பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் பொடி அநேகமாக இருக்கும் என்பதால், அவர் மருத்துவரைக் கேட்காமல் அருந்த வேண்டாம், பொடியைக் கரைக்கும்போது அருகில் நிற்கவும் வேண்டாம்.