நாற்பதுகளிலேயே மறதி, அப்பாவுக்கும் அப்படித்தான்: பரம்பரை அல்சைமர் பற்றிய கேள்வி பதில்

தஞ்சாவூர்ப் பக்கம் பல வருடமாக நரம்பியல் மருத்துவம் பார்க்கிறேன். இளவயதிலேயே வரும் பரம்பரை அல்சைமர் பற்றி டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி வாசகி: கணவருக்கு 47 வயது. காலையில் உரம் போட்ட வயலுக்கே சாயங்காலம் மறுபடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார். மாமனாரும் அவர் தங்கையும் ஐம்பதுக்கு முன்பே இப்படி ஆனவர்கள். ஊரில் சித்தப்பிரமை என்றார்கள். பரம்பரையாக வருவதா டாக்டர்?

இருக்கலாம் அம்மா. அல்சைமர் என்றால் கிழவர்களுக்கு வருவது என்றே நினைக்கிறோம். இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1901இல் பார்த்த முதல் நோயாளிக்கு வயது 51தான். ஆனால் நேரடியாகப் பரம்பரையில் இறங்குவது மொத்த அல்சைமரில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஏபிபி, பிஎஸ்இஎன்1, பிஎஸ்இஎன்2 என்ற மூன்று மரபணுக்களில் ஏதோ ஒன்றில் கோளாறு இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. ஒரு பிள்ளைக்கு அது இறங்கவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் வழியில் அத்தோடு முடிந்தது.

அதற்கு முன் ஒன்று. தைராய்டு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, குடி, இவையும் மறதியைக் கொண்டுவரும், சரிசெய்யவும் முடியும். ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ இரண்டையும் முடித்துவிடுங்கள். குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் தொடங்கியது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் ஸ்கேன் அளவுக்கு உதவும்.

பாபநாசம் வாசகர்: அப்பா அம்மா மாமன் மகள், அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் அப்பாவுக்கு வந்தது என்கிறார்கள்.

இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் கூடும் நோய்கள் வேறு. அவற்றுக்கு இருபக்கமும் கோளாறு வேண்டும். இதற்கு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், அந்நியத்தில் பெண் எடுத்திருந்தாலும் வந்திருக்கும். அம்மாவைக் குறை சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள்.

திருவாரூர் வாசகி, 26 வயது: அப்பாவுக்கு இந்த நோய் உறுதியாகிவிட்டது. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். நான் சோதனை செய்துகொள்ள வேண்டுமா?

வேண்டும் என்று சொல்ல எனக்கோ, உன் அண்ணனுக்கோ, வரப்போகும் மாமியாருக்கோ உரிமை இல்லையம்மா. முடிவு தெரிந்தபின் தெரியாத நிலைக்குத் திரும்ப முடியாது.

செய்வதானால் ஒரு வரிசை உண்டு. முதலில் அப்பாவின் ரத்தத்தைச் சோதித்து எந்த மரபணுவில் எந்த மாற்றம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் உனக்குச் சோதனை செய்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை நம்ப முடியாது. சோதனைக்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். நோய்க்குறி இல்லாத பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இதைச் செய்வதில்லை. தம்பி தங்கை இருந்தால் அவர்களை இழுக்காதே.

கல்யாணத்தைப் பொறுத்தவரை, அப்பாவின் நோயை மறைக்காதே என்பது என் அபிப்பிராயம். உன் சோதனை முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தெரிந்தால் போதும். கோளாறு இருந்தாலும், கருவைச் சோதித்து அது இறங்காத கருவை மட்டும் வைக்கும் முறை உண்டு. செலவு அதிகம்.

மயிலாடுதுறை வாசகர்: மரபணுவில் கோளாறு இருந்தால் நோய் கட்டாயம் வருமா?

பிஎஸ்இஎன்1, ஏபிபி என்றால் அநேகமாக உறுதி. பிஎஸ்இஎன்2இல் கொஞ்சம் முன்பின் ஆகும். கொலம்பியாவில் ஒரே பிஎஸ்இஎன்1 மாற்றத்தைச் சுமக்கும் பெரிய வம்சம் இருக்கிறது. அவர்களுக்கு 44 வயது வாக்கில் தடுமாற்றம் தொடங்கும். அதில் ஒரு பெண்மணி எழுபது வரை நன்றாகவே இருந்தார் என்று 2019இல் எழுதினார்கள். வேறொரு மரபணுவில் இருந்த அபூர்வ மாற்றம் அவரைக் காத்ததாகக் கருதுகிறார்கள். அப்புறம், ஏபிஓஇ4 என்று இன்னொரு மரபணு வகை உண்டு, அது வேறு சங்கதி. அது வாய்ப்பைக் கூட்டும், கட்டாயமாக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்து வருகிறவர்கள் நிறைய.

திருத்துறைப்பூண்டி வாசகி: இந்த நோய் வந்த என் கணவர் ராத்திரி எழுந்து மடை திறக்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். தடுத்தால் கை ஓங்குகிறார்.

'தண்ணீர் இன்னும் வரவில்லை, வந்தால் எழுப்புகிறேன், காபி குடியுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். வாக்குவாதத்தில் ஜெயித்துப் பிரயோஜனமில்லை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வாசல் கதவின் மேல்பக்கம், கண்ணில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். பூச்சிமருந்து பாட்டில் வீட்டுக்குள் இருக்கவே கூடாது. மோட்டார் கொட்டகைக்குப் பூட்டு, பைக் சாவி உங்கள் இடுப்பில். சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள், டீக்கடையிலும் சொல்லி வையுங்கள். பகலில் களை பறிப்பது, மாட்டுக்கு வைக்கோல் போடுவது என்று கூடவே வைத்துக்கொண்டு வேலை கொடுங்கள். உடம்பு அலுத்தால் ராத்திரி தூக்கம் கொஞ்சம் கூடும்.

திடீரென்று முரட்டுத்தனம் ஏறினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பல்வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவரால் சொல்லத் தெரியாமல் இருக்கலாம்.

கும்பகோணம் வாசகர்: அண்ணனுக்கு இப்போதுதான் ஆரம்பம். நிலத்துக்குப் பவர் எழுதி வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. எழுதிக் கொடுத்தவரின் சித்த சுவாதீனம் போனால் சாதாரணப் பவரும் செல்லாமல் போகும். அவருக்கு விவரம் புரியும்போதே உயில், பாகப்பிரிவினை, வங்கியில் கூட்டுக் கணக்கு எல்லாவற்றையும் வக்கீலை வைத்து முடியுங்கள். அண்ணியை உட்கார வைத்துச் செய்யுங்கள். மறதியைச் சாக்காக வைத்து நகைக்கடன் பேப்பரில் கையெழுத்து வாங்கிய சொந்தக்காரர்களையும் பார்த்திருக்கிறேன்.

நாகப்பட்டினம் வாசகர்: புது ஊசி வந்திருக்கிறதாமே? வல்லாரை?

லெகனெமாப், டோனனெமாப் இரண்டும் அமெரிக்காவில் 2023, 2024இல் அனுமதி பெற்றவை. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், குணப்படுத்தாது. மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். டோனெபெசில், மெமாண்டின் மாத்திரைகள் இங்கேயே கிடைக்கும், சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும். வல்லாரைத் துவையல் ருசியாக இருக்கும், சாப்பிடட்டும். அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.