முப்பது நாளில் ஒரு நாவல்: வாசகர் கேள்விகளுக்கு எங்கள் பதில்கள்

‘நானோரைமோ’ என்ற நாவல் சவாலில் இந்த நவம்பரில் சேர நினைத்திருந்தேன். அந்த அமைப்பே மூடப்பட்டுவிட்டது என்கிறார்கள். இனி எப்படி எழுதுவது?
– வாசகி, திண்டுக்கல்

மூடப்பட்டது உண்மைதான். 1999 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் விளையாட்டாகத் தொடங்கியது அது. முப்பது நாளில் 50,000 சொற்கள் என்பதுதான் இலக்கு. அடுத்த ஆண்டே அதை நவம்பருக்கு மாற்றினார்கள். அங்கே அது குளிரும் மழையுமாக வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் மாதம். பிறகு பெரிய அமைப்பாக வளர்ந்து, 2025 மார்ச் இறுதியில் மூடுவதாக அறிவித்தது.

ஆனால் சவாலுக்கு அமைப்பு தேவையே இல்லை. ஒரு மாதம், ஒரு எண்ணிக்கை, தினமும் கணக்குக் கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும். அந்த ஆள் கதையைப் படிக்க வேண்டாம், இரவில் “இன்று எத்தனை?” என்று கேட்டால் போதும். கதையைக் காட்டத் தொடங்கினால் பாராட்டுக்காகவோ திருத்தத்துக்காகவோ காத்திருக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

மாதம் நவம்பராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நமக்கு அது தீபாவளியும் அடைமழையும் சேர்ந்து வரும் காலம். வீட்டில் திருமணமோ பிள்ளைகளின் தேர்வோ இல்லாத மாதமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

50,000 சொற்கள் என்ற கணக்கைத் தமிழில் அப்படியே வைத்துக்கொள்ளலாமா? நாளுக்கு 1,667 சொல் வருகிறது. நான் எவ்வளவு முயன்றும் 1,000 தாண்டவில்லை.
– வாசகர், ஈரோடு

வைத்துக்கொள்ளக் கூடாது. அது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. “வீட்டிலிருந்து” என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதை ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக எழுதுவார்கள். வேற்றுமை உருபு, காலம், பால், எண் எல்லாம் நம் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். அதனால் ஆங்கிலத்தில் 50,000 சொல் ஆகும் கதை தமிழில் சுமார் 33,000 சொல்லில் அடங்கும். நடைக்கு ஏற்ப இது கூடும், குறையும். உங்கள் நடைக்குச் சரியான விகிதம் வேண்டுமானால், ஓர் ஆங்கிலப் பக்கத்தை நீங்களே தமிழாக்கி இரண்டையும் எண்ணிப் பாருங்கள்.

33,000 என்று வைத்தால் நாளுக்கு 1,100. ஆனால் மாதத்தில் நான்கு நாள் எப்படியும் போய்விடும்: விருந்தாளி, காய்ச்சல், மின்தடை, ஊர்ப் பயணம். அதனால் முதலிலேயே 26 நாள் என்று கணக்கிட்டு, நாளுக்கு 1,270 என்று வையுங்கள். நீங்கள் 1,000 எழுதுகிறீர்கள் என்றால் இலக்குக்கு மிக அருகில்தான் இருக்கிறீர்கள். இதுவரை உங்களைத் தவறான அளவுகோலால் அளந்திருக்கிறீர்கள்.

எண்ணும் செயலிகள் இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணுகின்றன. “வந்து கொண்டிருந்தான்” என்று பிரித்தால் இரண்டு, சேர்த்தால் ஒன்று. எதுவானாலும் மாதம் முழுக்க ஒரே முறையில் எழுதுங்கள். காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாவிட்டால், சில செயலிகள் இரண்டு சொல்லை ஒன்றாக எண்ணிவிடும்.

கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வர இரவு எட்டரை. கணினி இல்லை, கைப்பேசிதான். இதில் நாவல் எழுத முடியுமா?
– வாசகர், தென்காசி

முடியும். முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். மாதம் தொடங்கும் முன் மூன்று நாள், தினமும் அரை மணி நேரம் ஏதாவது காட்சியை எழுதி எண்ணுங்கள். அரை மணிக்கு 300 சொல் வந்தால், 1,270 சொல்லுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதை ஒரே மூச்சில் இரவில் உட்கார்ந்து எழுத நினைக்காதீர்கள். கண்ணும் கட்டைவிரலும் தாங்காது. காலையில் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி, மதியம் கூட்டம் இல்லாதபோது அரை மணி, இரவில் மீதி என்று பிரியுங்கள். காலை நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரவுக்கென்று ஒதுக்கியதுதான் முதலில் பறிபோகும்.

சொன்னால் எழுதும் வசதி உரையாடலுக்கு நன்றாக உதவும், ஏனென்றால் பேச்சு பேச்சாகவே வந்து விழும். விவரணைக்கு அவ்வளவாக உதவாது. மேற்கோள் குறியும் பத்திப் பிரிவும் பெரும்பாலும் வராது. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வேறு சொல்லாக மாறிப்போகும். அன்றைக்கே ஒருமுறை பெயர்களை மட்டும் சரிசெய்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே விளங்காது.

எழுதியதை இரவுதோறும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். கைப்பேசி தொலைந்தாலும் நாவல் தொலையாது.

முன்கூட்டியே எவ்வளவு திட்டமிடுவது?
– வாசகி, கோவை

முப்பது காட்சிகள் போதும், காட்சிக்கு மூன்று வரி: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடியும்போது என்ன மாறியிருக்கிறது. மூன்றாவது வரி எழுத வரவில்லை என்றால் அது காட்சியே இல்லை, வெறும் தகவல். அதைத் தூக்கிவிடுங்கள். முக்கியப் பாத்திரங்கள் இரண்டு, துணைக்கு மூன்று நான்கு பேர் போதும். செல்வி, செல்வம், செந்தில் என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் வேண்டாம், படிப்பவர் குழம்புவார்.

குடும்பக் கதையானால் உறவுப் படம் ஒன்றை முதலிலேயே வரையுங்கள். ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டு, யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதும் அதில் இருக்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தில் சித்தியாக இருந்தவர் பதினெட்டாம் அத்தியாயத்தில் அத்தையாகிவிட்டால், தாய்வழி உறவு தந்தைவழி உறவாக மாறிவிடும். பிறகு யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்ற முறையே தலைகீழாகி, கதையின் முடிச்சே அவிழ்ந்துபோகும்.

மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் பத்தாம் நாளுக்குமேல் நகரவில்லை. எனக்குத் திறமை இல்லையா?
– வாசகி, தஞ்சாவூர்

இதைத் திறமைக் குறைவு என்று நினைக்காதீர்கள். இரண்டாம் வாரத்தில் நிற்பவர்கள்தான் அதிகம், அதற்குக் காரணங்களும் உண்டு. முதல் வாரம் முழுக்க, பல மாதமாக மனத்தில் ஓட்டிப் பார்த்த காட்சிகளை எழுதுகிறோம். எட்டாம் நாள் வாக்கில் அந்தச் சேமிப்பு தீர்ந்து, யோசிக்காத பகுதி வருகிறது.

அங்கே நின்றுவிட்டால் முதலில் உங்கள் நாயகியைப் பாருங்கள். அவள் எதையாவது செய்கிறாளா, அல்லது நடப்பதை எல்லாம் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறாளா? பெரும்பாலான கைப்பிரதிகளில் நாங்கள் காணும் நோய் இரண்டாவதுதான். ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த வாரத்துக்குள் அவள் முடிவெடுக்காவிட்டால் எதை இழப்பாள்? வீடு, வேலை, தங்கையின் நம்பிக்கை என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். அடுத்த காட்சியில் அதை ஆபத்தில் வையுங்கள்.

இரண்டாவது காரணம், திரும்பிப் படிப்பது. முதல் அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். ஒவ்வொரு நாளும் புதிய கோப்பில் தொடங்குங்கள். முந்தைய நாளின் கடைசிப் பத்தியை மட்டும் பாருங்கள். காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல் பாதியில் நிறுத்தி, அடுத்து வருவதை இரண்டு வரியில் குறித்துவையுங்கள். மறுநாள் வெற்றுத்திரையைப் பார்த்து உட்கார வேண்டியிருக்காது.

பன்னிரண்டாம் நாள் அவளை ஆசிரியை அல்ல, செவிலியர் என்று மாற்றத் தோன்றினால் பின்னோக்கிப் போகாதீர்கள். “இங்கிருந்து செவிலியர்” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, முதலிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல் தொடருங்கள். ஏதாவது தகவல் தேட வேண்டுமா? அந்த இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகருங்கள். மாத முடிவில் அந்தக் குறியைத் தேடினால் எல்லா இடமும் கிடைத்துவிடும்.

மூன்றாவது, கடன் பயம். இரண்டு நாள் விட்டுப்போனால் மறுநாளே மூன்று நாள் வேலையைச் செய்ய முயன்று சோர்ந்துபோகிறோம். மீதிச் சொற்களை மீதி நாட்களால் வகுங்கள். பத்தாம் நாள் முடிவில் 7,000 சொல்தான் இருக்கிறதா? மீதி 26,000, நாட்கள் 20. நாளுக்கு 1,300. முதலில் போட்ட கணக்கைவிட 30 சொல்தான் கூடுதல். என்ன, இனி விடுப்பு எடுக்க இடமில்லை.

எண்ணிக்கைக்காகப் பாத்திரங்களைக் காபி குடிக்கவைத்து, வானிலை பேசவிடாதீர்கள். நடுவில் நகரவில்லை என்றால் தாவிப்போய், எழுத ஆசைப்படும் காட்சியை எழுதுங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

ஒற்றுப்பிழை நிறைய வருகிறது. எழுதும்போதே திருத்தலாமா?
– மாணவர், மதுரை

வேண்டாம். எங்கே வல்லினம் மிகும் என்று ஒவ்வொரு சொல்லிலும் நின்றால் வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துபோகும். அது கடைசி வேலை. ஆனால் ஒன்றை முதல் நாளே முடிவுசெய்யுங்கள்: உரையாடல் எந்த வட்டார வழக்கில், விவரணை எழுத்து நடையிலா பேச்சு நடையிலா என்று. இதைப் பாதியில் மாற்றினால் கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியையும் திருத்தவேண்டி வரும்.

எழுதி முடித்ததும் பதிப்பகத்துக்கு அனுப்பலாமா?
– வாசகி, புதுச்சேரி

ஆறு வாரம் மூடிவையுங்கள். பிறகு அச்செடுத்து, பேனா இல்லாமல் ஒரே மூச்சில் படியுங்கள். அடுத்த முறை திருத்தும்போது வரிசை முக்கியம்: முதலில் கதையின் ஓட்டைகள், அடுத்து தேவையற்ற காட்சிகள், அதன்பின் வாக்கியங்கள், கடைசியில் ஒற்று. வரிசையைப் புரட்டினால், வெட்டி எறியப்போகும் பக்கங்களுக்கு ஒற்றுத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். உரையாடல்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். யார் பேசினாலும் ஒரே குரலாகக் கேட்டால் அங்கே வேலை பாக்கி இருக்கிறது.

33,000 சொல், பக்கத்துக்குச் சுமார் 220 சொல் என்றால் 150 பக்கப் புத்தகம். யூனிகோடு எழுத்துருவில், திருத்தக்கூடிய கோப்பாக வைத்திருங்கள். அனுப்பும் முன் அந்தப் பதிப்பகம் நாவல் வெளியிடுகிறதா, முழுக் கைப்பிரதி கேட்கிறதா, மாதிரி அத்தியாயங்கள் போதுமா என்று விசாரியுங்கள். அச்சுச் செலவை உங்களிடமே கேட்டால், எத்தனை பிரதி, விற்பனை யார் பொறுப்பு, உரிமை யாரிடம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.