ஐந்து உயிரெழுத்தும் உள்ள நீளமான ஆங்கிலச் சொற்களை எடுப்பது

ரீச்சர், ஆங்கில தினப் போட்டிக்கு ஐந்து உயிரெழுத்தையும் சதுர அடைப்புக்குள் போட்டு, கிரெப்பால் (கேட்ட எழுத்துள்ள வரிகளை மட்டும் கோப்பிலிருந்து எடுத்துத்தரும் கணினிக் கட்டளை) தேடினால் சொற்பட்டியல் முழுக்க வந்து நிற்கிறது என்கிறீர்கள். அந்த அடைப்பை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கிரெப் போட்டு, ஐந்தையும் குழாய்க்குறியால் (|, ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுப்பது) தொடுத்துவிடுங்கள். முதலாவது ஏ உள்ள சொற்களைப் பிரிக்கும், அடுத்தது அதற்குள் ஈ உள்ளவற்றை. இப்படியே ஐ, ஓ, யூ.

அடைப்புக்குள் ஐந்தையும் போட்டால் 'ஏதாவது ஒன்று இருந்தால் போதும்' என்றுதான் அர்த்தம். 'கேட்', 'டாக்' கூட உள்ளே வந்துவிடும்.

விடையில் 'எடியுகேஷன்' (9 எழுத்து), 'அன்குவெஸ்சனபிளி' (unquestionably, 14) இரண்டும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எங்கோ பெரிய எழுத்தில் தட்டியிருப்பீர்கள். அப்புறம் லிப்ரே ஆபிஸ் விரிதாளில் ஒட்டி, பக்கத்து நிரலில் எழுத்துகளை எண்ணும் லென் சூத்திரம் போட்டு, பெரியதிலிருந்து அடுக்குங்கள். சொற்பட்டியலை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே வேண்டாம். துணுக்காய்ப் பக்கம் சிக்னல் போய்ப்போய் வரும் நாட்களில் அது பெரிய உதவி. அங்கே 'ஃபசீஷியஸ்' (facetious) என்று கரும்பலகையில் எழுதி, ஐந்தும் அகரவரிசையிலேயே வருவதைக் காட்டியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனம்: ஒரே எழுத்து இருமுறை வேண்டுமென்றால் இந்த முறை எண்ணிப் பார்க்காது. இரண்டு எஸ் வேண்டுமா? எஸ், புள்ளி, நட்சத்திரக்குறி, எஸ் என்று கிரெப்பில் இடைவெளியில்லாமல் தட்டுங்கள்.