சாவி இல்லாமல் பூட்டுத் திறக்கப் பழக வேண்டும். வேலூரில் எதை வைத்துத் தொடங்குவது?

தம்பி, காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறீர்கள். ஆன்லைனில் வாங்கிய கிட்டோடு வந்த கண்ணாடிப் பூட்டு பத்தே நிமிடத்தில் திறந்துவிட்டது. கடையில் வாங்கிய பித்தளைப் பூட்டு ஒரு வாரமாக அசையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பூட்டின் துளைகள் லொடலொடவென்று இருக்கும், குத்துமதிப்பாகக் கிளறினாலே பின்கள் ஏறிவிடும் (பின் என்பது துளைக்குள் ஸ்பிரிங்கில் நிற்கும் குட்டைத் தண்டு; எல்லாம் சரியான உயரத்துக்கு ஏறினால்தான் பூட்டின் உள் உருளை சுற்றும்). பின் எப்படி நகர்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ள அது போதும். கைக்கு எதையும் கற்றுத்தராது, ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.

‘திருடனுக்குப் பாடம் எடுக்கிறாயா’ என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருடன் உட்கார்ந்து பின் எண்ணிக்கொண்டிருப்பதில்லை, கடப்பாரையைக் கொடுத்துக் கொண்டியோடு பெயர்த்துவிட்டுப் போகிறான். 1851-ல் லண்டன் கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் திறக்க முடியாது என்று சவால் விட்டிருந்த பிராமா பூட்டை 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்து காட்டினார். அதற்குப் பிறகுதான் பூட்டு செய்பவர்கள் தங்கள் வடிவத்தைத் திருத்தினார்கள்.

இரண்டு கட்டுப்பாடு உண்டு, இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் சொந்தப் பூட்டில் மட்டும் பழகுங்கள். சொந்தப் பூட்டாகவே இருந்தாலும் கதவிலோ பெட்டியிலோ பயன்பாட்டில் இருப்பதைத் தொடாதீர்கள். பின் வளைந்தாலோ ஸ்பிரிங் நசுங்கினாலோ அப்புறம் சாவியும் சுற்றாது, விடுதி அறைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அடுத்தவர் இடத்துக்குள் நுழையப் பூட்டைத் திறப்பது, எதையும் உடைக்காமல் திறந்தாலும், சட்டப்படி வீட்டை உடைத்ததுதான். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு ராத்திரியில் காட்பாடி ஜங்ஷன் பக்கம் சுற்றாதீர்கள். மேஜை டிராயரிலேயே இருக்கட்டும்.

சாவியைப் பார்த்தே பூட்டின் உள்ளமைப்பைச் சொல்லிவிடலாம். தட்டையாக, ஒரு விளிம்பு முழுக்க மேடு பள்ளமாக இருந்தால் பின் பூட்டு. தண்டு நீண்டு, நுனியில் மட்டும் படிப்படியாக வெட்டியிருந்தால் லீவர் பூட்டு. நம் வீடுகளில் தொங்கும் நவ்தால், திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு எல்லாம் இந்த இரண்டாவது வகை. அதற்குக் கருவியே வேறு, இப்போது வேண்டாம். குழி குழியாக வெட்டிய ‘கம்ப்யூட்டர் சாவி’ பூட்டும் வேண்டாம். லாங் பஜார் பக்கம் ஹார்டுவேர் கடையில் கதவுக்குப் போடும் 60 மி.மீ. சிலிண்டர் ஒன்று கேளுங்கள், இரண்டு பக்கமும் சாவி போடுகிற வகை. ஒரு பக்கத்துக்குச் சாதாரணமாக 5 பின் இருக்கும். முக்கியமாக, அதைக் கழற்றி மாட்டலாம். உங்கள் பித்தளைத் தொங்கு பூட்டைக் கழற்ற முடியாது, அதனால்தான் அது உங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

கருவி இரண்டே போதும். கிட்டில் இருந்த பதினைந்தில், பின்னைத் தள்ளும் குட்டை ஹூக் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் தடிமன் 0.6 மி.மீ.-க்கு மேல் இருந்தால் நம் ஊர்ப் பூட்டின் சாவித்துளையில் உரசும். பின்னின் அசைவுக்குப் பதில் அந்த உரசல்தான் விரலுக்குத் தெரியும். நீங்களே செய்துகொள்ளலாம். ஆக்ஸா பிளேடு ஏறக்குறைய அதே தடிமன்தான். பல்லை முதலில் சாணை பிடித்து எடுத்துவிட்டு, தண்டை 2.5 மி.மீ. அகலத்துக்குக் குறைத்து, நுனியை 2 மி.மீ. தூக்கி வளைவாக விடுங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கியே ஆக வேண்டும். இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வந்தாலே நிறுத்துங்கள். நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போயிற்று, அந்த நுனி முதல் நாளே வளைந்துவிடும். கடைசியில் 400, பிறகு 1000 உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். இன்னொரு கருவி டென்ஷன் கம்பி, உருளையைச் சுற்றும் திசையில் அழுத்திப் பிடிப்பதற்கு. கார் மெக்கானிக் தூக்கிப்போட்ட வைப்பர் ரப்பருக்குள் இரண்டு எஃகுப் பட்டைகள் இருக்கும். நுனியில் 10 மி.மீ. விட்டு மெதுவாக எல் வடிவில் மடக்குங்கள், வெடுக்கென்று மடக்கினால் ஒடியும். சித்திரை வெயிலில் கை வியர்த்துப் பிளேடு வழுக்கும், பிடிக்குச் சைக்கிள் டியூப் துண்டு சுற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது சிலிண்டரைக் கழற்ற வேண்டும். ஒரு தாம்பாளத்தில் துண்டை விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள், ஸ்பிரிங் பறந்தால் கிடைக்காது. சிலிண்டரின் நடுவே, உள் உருளையின் பின்முனையில் இருக்கும் சர்க்ளிப்பை (வளையக் கிளிப்பை) எடுங்கள். சாவியைப் போட்டு 30 டிகிரிபோலத் திருப்பிக்கொண்டு, உருளையின் அதே பருமனுள்ள மரக்குச்சியால் அதைப் பின்னாலிருந்து தள்ளுங்கள். உருளைக்கும் குச்சிக்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது. ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு; இடைவெளி விழுந்தால் ஸ்பிரிங் பக்கத்துத் துண்டும் ஸ்பிரிங்கும் அந்தச் சந்தில் குதித்துவிடும். ஒரே ஒரு துளையில் மட்டும் பின்னை விட்டு மற்றதைக் காலி செய்து மாட்டுங்கள். அது பழகியபின் இரண்டு, பிறகு மூன்று. ஐந்துக்கும் ஒரேயடியாகப் போகிறவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

திறக்கிற வித்தை இடது கையில் இருக்கிறது, ஹூக்கில் இல்லை. சாவியின் பல் எந்தப் பக்கம் பார்க்குமோ அந்தப் பக்கம் பின்கள். எதிர்ப் பக்கத்து ஓரத்தில் டென்ஷன் கம்பியைச் செருகி, சாவி சுற்றும் திசையில் ஒரு விரலால் லேசாக அழுத்துங்கள். நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம். துளைகள் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் இருப்பதில்லை, அதனால் ஒரு நேரத்தில் ஒரு பின்தான் இறுகும். கடைசிப் பின்னிலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாகத் தொட்டு வாருங்கள். மற்றவை பஞ்சு மாதிரி உள்ளே போய் வரும், ஒன்று மட்டும் கல் மாதிரி நிற்கும். அதை மெல்லத் தள்ளினால் சின்னதாக ஒரு ‘டிக்’. இடது விரலில் உருளை ஒரு மயிரிழை திரும்பியது தெரியும். உடனே அடுத்த கல்லைத் தேடுங்கள்.

எல்லாமே கல்லாக இருந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள், எல்லாமே பஞ்சாக இருந்தால் கூட்டுங்கள். பூட்டு திறக்காமல் எந்தப் பின்னும் பேசாமல் நின்றால் ஏதோ ஒன்றைக் கூடுதலாகத் தள்ளிவிட்டீர்கள். இடது விரலை அணு அணுவாகத் தளர்த்தி, முதல் பின் விழும் சத்தம் கேட்டதும் நிறுத்தி, அங்கிருந்து தொடருங்கள். டென்ஷன் கம்பியின் நுனி முதல் பின்னில் முட்டுகிறதா, பக்கவாட்டில் பூட்டின் உடம்பை உரசுகிறதா என்றும் பாருங்கள். பலருக்கும் கோளாறு அங்கேதான்.

பூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வேலூரில் மார்கழிக் குளிரில் பாட்டிலிலேயே உறைகிற எண்ணெய், பூட்டுக்குள் மட்டும் உறையாதா? தூசியோடு சேர்ந்து பசையாகி ஸ்பிரிங்கைக் கட்டிப்போடும். பூட்டு போய்விட்டது என்று குப்பையில் எறிபவை பலவும் இப்படிக் கெட்டவைதான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, காய்ந்ததும் கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை ஊதிவிடுங்கள். பென்சில் முனையைச் சீவின கரியும் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். விலையுயர்ந்த பூட்டை வாங்கி, அரை அங்குல ஸ்க்ரூவில் நிற்கும் கொண்டியில் மாட்டுகிறார்கள். ஊருக்குப் போகும்போது வீட்டுக் கதவை ஒருமுறை பாருங்கள். கொண்டியும் நாதாங்கியும் கதவை ஊடுருவிப் போகும் போல்ட்டில் நிற்க வேண்டும், நட்டு உள்பக்கம் இருக்க வேண்டும். அரை மணி நேர வேலைதான், துளை போடும் மிஷின் இருந்தால் அப்பாவோடு சேர்ந்து நீங்களே செய்துவிடலாம்.